இன்பாஸின் தொண்டையும் ருமேனியப் பாஷையும்

இன்பாஸைப் பற்றிச் சொல்வதென்றால் அவனுடைய தொண்டையிலிருந்துதான் தொடங்க வேண்டும். சாய்ந்தமருதில், கடற்கரைக்கு இரண்டு ஒழுங்கை இப்பால் பிறந்தவன். பிறந்த அன்று அவன் அழுத அழுகைக்குப் பக்கத்து வளவு ஆட்களெல்லாம் எழும்பி வந்துவிட்டார்கள் என்று அவன் உம்மா சொல்வார். உம்மாமார் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டாலும் மீதி உண்மைதான். பள்ளிக்கூட மைதானத்தின் அந்தத் தொங்கல் மூலையில் நிற்பவனைக் கூப்பிட வேண்டுமென்றால் வாத்தியார்மார் இன்பாஸைத்தான் தேடுவார்கள். பிறகு அவன் டைல்ஸ் பதிக்கிற மேசன் ஆனான். மூன்றாம் மாடியில் குந்திக்கொண்டு கீழே சாந்து குழைப்பவனுக்கு ஒரு சத்தம் கொடுத்தால் றோட்டில் போகிற ஓட்டோ நின்றுவிடும். கத்தாரில் வேலை செய்த காலத்திலும் அந்தத் தொண்டைக்கு ஒரு குறையும் வரவில்லை.

அப்பேர்ப்பட்ட தொண்டை கலியாணத்தோடு அடங்கிப்போனது. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போக வேண்டும். வீடு பெண்ணின் பெயரில் இருக்கும். பெண்ணின் உம்மாவும் அங்கேதான் இருப்பார். மருமகன் என்பவன் அந்த வீட்டில் விருந்தாளிக்கும் வீட்டுக்காரனுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. மாமியும் மருமகனும் முகத்துக்கு முகம் நின்று கதைப்பதில்லை, அது வெட்கம். இந்தக் காலத்தில் யார் இதையெல்லாம் பார்க்கிறார்கள் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இன்பாஸின் மாமி ஹாஜறா பார்த்தார். மருமகன் முன்னறையில் இருந்தால் அவர் குசினிக்குள் அடுப்படியில் இருப்பார். மருமகன் குசினிப் பக்கம் வந்தால் அவர் கிணற்றடிக்குப் போய்விடுவார். ஒன்பது வருசத்தில் அவனிடம் நேராக அவர் ஒரு வசனம் கதைத்ததில்லை.

கதைக்காமல் ஒரு குடும்பம் நடக்குமா என்றால், நன்றாகவே நடந்தது. சொல்ல வேண்டியதை மாமி தன் மகள் அஸ்னாவிடம் சொல்வார். அஸ்னா இல்லாவிட்டால் பேத்தி ஹிமாயாவிடம். "புள்ள, வாப்பாக்கிட்ட செல்லு, சோறு வெச்சிரிக்கி எண்டு." வாப்பா நாலு முழத்துக்கு அப்பால் உட்கார்ந்திருப்பான். ஹிமாயா பிறப்பதற்கு முன்னர், அஸ்னா வெளியே போயிருந்தால், மாமி சுவருக்குச் சொல்வார். "தேத்தண்ணி ஊத்தியிரிக்கி, ஆறப்போகுது." இன்பாஸும் சுவருக்கே "சரி" என்பான், அதுவும் தொண்டைக்குழிக்கு வெளியே வராத ஒரு "சரி". மாமி இருக்கிற வீட்டில் ஆம்பிளை சத்தம் வைப்பது மரியாதையில்லை. இதை யாரும் அவனுக்குப் படிப்பித்துக் கொடுக்கவில்லை. அவன் வாப்பாவும் தன் மாமி வீட்டில் அப்படித்தான் இருந்து மௌத்தானார்.

இப்படி இருந்தவனை ருமேனியப் பாஷை படிக்க வைத்தது அவன் தங்கச்சி றுஸ்னாவின் வீடு. வீடு கட்டிக் கொடுக்காமல் ஒரு பெண்பிள்ளையை எங்கள் ஊரில் கரைசேர்க்க முடியாது. வாப்பா இல்லாத வீட்டில் அது நானாவின், அதாவது அண்ணன்காரனின், தலையில்தான் விழும். இன்பாஸ் கட்டத் தொடங்கினான். நாடு கடனில் படுத்த வருசத்தில் சீமெந்தும் கம்பியும் எட்டாத உயரத்துக்குப் போக, றுஸ்னாவின் வீடு லிண்டல் மட்டத்தோடு நின்றது. ஊரில் உள்ளவன் வீட்டுக்கெல்லாம் பளபளவென்று டைல்ஸ் பதிக்கிறான், சொந்தத் தங்கச்சி வீட்டுச் சுவருக்கு மேலே வானம்தான் கூரை. அவளுக்குப் பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார் நல்ல மனிதர்கள், வீடு முடியட்டும் என்று காத்திருந்தார்கள். இந்த நோன்புப் பெருநாளுக்குப் பிறகு அவர்களும் வேறு பக்கம் பெண் கேட்பதாகக் காற்றுவாக்கில் செய்தி வந்தது. றுஸ்னா இதைப்பற்றி நானாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் ருமேனியாவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்ற கதை ஊரெல்லாம் அடிபட்டது. கொழும்பு ஏஜென்சி ஒன்று டைல்ஸ் வேலைக்காரர்களைத் தேடியது. இன்பாஸின் வேலையை வீடியோவில் பார்த்துவிட்டு அவர்களுக்கு நல்ல திருப்தி. ஒரேயொரு நிபந்தனை இருந்தது. கம்பனிக்காரர்கள் போனில் முகம் பார்த்துக் கதைப்பார்கள், அவர்களுடைய பாஷையில் நாலு கேள்வி கேட்பார்கள், அதற்கு அவர்களுடைய பாஷையில் பதில் சொல்ல வேண்டும். அரபு நாட்டுக்கு ஒரு சொல்லும் தெரியாமல் போய், கையைக் காலைக் காட்டியே காலத்தை ஓட்டிவிட்டு வந்த இன்பாஸுக்கு இது பெரிய அநியாயமாகப் பட்டது. டைல்ஸ் என்ன பாஷை கேட்கிறது என்று அஸ்னாவிடம் கேட்டான்.

படிப்பிக்க ஆள் கிடைத்தது. வினாயகபுரத்து வினோதன் சில வருசம் ருமேனியாவில் கட்டட வேலை செய்து, இடுப்பில் அடிபட்டுத் திரும்பி வந்து, இப்போது பின்னேரங்களில் போன் வழியாக வகுப்பு நடத்திக்கொண்டிருந்தான். இன்பாஸைவிட இளையவன். வாத்தியாரைத் தம்பி என்பதா, சேர் என்பதா என்று இன்பாஸுக்கு முடிவெடுக்க முடியவில்லை. கடைசியில் "தம்பி சேர்" என்றே கூப்பிட்டான். வினோதனும் மறுக்கவில்லை.

பாஷை ஒன்றும் அவ்வளவு கஷ்டமில்லை, அதுதான் இன்பாஸுக்கு எரிச்சல். பகல் வணக்கத்துக்கு "பூனெ ஸீவா". என் பெயர் இன்னது என்பதற்கு "மெ நுமெஸ்க்". விளங்கவில்லை என்றால் "நு இன்ட்ஸெலெக்". எல்லாவற்றையும்விடப் பயன்படக்கூடியது இதுதான் என்று கண்டு அவன் முதலில் இதைத்தான் பாடமாக்கினான். நிலத்துக்குப் பதிக்கிற டைல்ஸுக்கு "கிரெசியெ" என்று ஒரு சொல், சுவருக்குப் பதிக்கிறதுக்கு "ஃபயான்ட்ஸெ" என்று வேறொரு சொல். இங்கே இரண்டும் டைல்ஸ்தான். இப்படிப் பிரித்து வைத்திருக்கிறவர்கள் தொழில் தெரிந்தவர்கள் என்று அவனுக்கு அந்த நாட்டின் மீது ஒரு மதிப்புக்கூட வந்தது. எல்லாம் மண்டையில் ஏறியது. வாயால் வெளியே வருவதில்தான் பிரச்சினை.

வினோதனின் வகுப்பில் ஒவ்வொருவரும் தாங்கள் சொல்லிப் பழகியதை வட்ஸ்அப்பில் குரலாகப் பதிந்து அனுப்ப வேண்டும். இன்பாஸ் அனுப்பினால் உடனே பதில் வரும்.

"நானா, ஒண்டும் கேக்கல்ல. செத்த வீட்டுல கதைக்கிற மாதிரிக் கதைக்கிறீங்க. மாய் தாரே, மாய் தாரே."

மாய் தாரே என்றால் இன்னும் சத்தமாக என்று அர்த்தம். மற்றவர்களுக்கெல்லாம் வினோதன் உச்சரிப்பைத் திருத்துவான், வசனத்தைத் திருத்துவான். இன்பாஸுக்கு மட்டும் எந்த நாளும் மாய் தாரேதான்.

"வீட்டுல மாமி இரிக்காங்க தம்பி சேர்," என்று இன்பாஸ் காரணம் சொன்னான்.

"மாமியா நானா ருமேனியாக்குப் போறாங்க?" என்று கேட்டான் வினோதன். கேட்டவனுக்கு என்ன, அவன் தன் சொந்த வீட்டுத் தாழ்வாரத்தில் காலை நீட்டிக்கொண்டு படிப்பிக்கிறான்.

சரி, வீட்டில் முடியாது, வேறு இடம் பார்ப்போம் என்று இன்பாஸ் வெளிக்கிட்டான். அவனுடைய கஷ்டகாலம் அங்கேதான் ஆரம்பித்தது. சாய்ந்தமருதைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், அங்கே ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் யர்ஹமுகல்லாஹ் என்று பதில் சொல்வார்கள். மதிலோடு மதில், ஓட்டோடு ஓடு. ஒரு மனிதன் தனியே நின்று வாய்விட்டு நாலு வார்த்தை சொல்ல அந்த ஊரில் இடமில்லை. டைல்ஸ் வேலை நடக்கிற கட்டடத்தில் சொல்லிப் பார்த்தான். மறுநாளே கூட்டாளிமார் அவனுக்கு ருமேனியா என்று பெயர் வைத்துவிட்டார்கள், "ருமேனியா, சாந்து போதுமா" என்று கேட்டார்கள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

உம்மா வீட்டுக்குப் போய்ப் படிக்கலாம் என்று பட்டது. பிறந்த வீடு, அங்கே யாருக்கு வெட்கப்பட வேண்டும்? மஃரிப் தொழுதுவிட்டு உம்மா வீட்டு முன்னறையில் போய் உட்கார்ந்தான். உண்மையிலேயே சத்தம் வந்தது. உம்மாவுக்குச் சந்தோசம், றுஸ்னா சுண்டல் அவித்துக் கொடுத்தாள். ஒரு கிழமை நன்றாகப் போனது. கலியாணம் முடித்த ஆண்பிள்ளை பொழுதுபட்டால் தன் உம்மா வீட்டில் இருக்கிறான் என்றால் எங்கள் ஊர் அதற்கு ஒரேயொரு விளக்கம்தான் வைத்திருக்கிறது. இன்பாஸுக்கும் பெண்சாதிக்கும் ஒத்துவரவில்லையாம், மாமி வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டானாம். கதை சந்தைக்குப் போய்த் திரும்பி வந்தபோது அவன் இரண்டாம் கலியாணம் பார்க்கிறான் என்று வளர்ந்திருந்தது. அஸ்னா அதைக் கேட்டுவிட்டு வந்து சோற்றுக் கோப்பையை அவன் முன் வைத்தாள்.

"இஞ்சாருங்க, படிக்கிறதெண்டா இஞ்ச இரிந்து படிங்க. எனக்கு ஆக்கள்ட முகத்துல முழிக்க ஏலா."

சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அதோடு உம்மா வீடு முடிந்தது.

பிறகு கடற்கரை. சுபஹுத் தொழுகைக்குப் பிறகு தோணிகள் இழுத்து வைத்திருக்கிற பக்கமாகப் போய், கடலைப் பார்த்து நின்று "மொண்டெஸ் கிரெசியெ ஷி ஃபயான்ட்ஸெ" என்று சத்தமாகச் சொன்னான். நிலத்துக்கும் சுவருக்கும் டைல்ஸ் பதிக்கிறேன் என்று அர்த்தம். கடல் இரைச்சலில் அவனுக்கே அவன் குரல் சரியாகக் கேட்கவில்லை. வலையிலிருந்து மீன் பொறுக்கிக்கொண்டிருந்தவர்களுக்குக் கேட்டிருக்கிறது. மூன்றாம் நாள் அவனுடைய பெரியப்பா முகைதீன்பாவா ஒரு போத்தலோடு வீட்டுக்கு வந்தார். பேய் பிசாசு விரட்ட ஓதின தண்ணீர். கடற்கரையில் தன்பாட்டில் நின்று விளங்காத பாஷையில் கதைக்கிறவனுக்கு வேறென்ன கொண்டுவருவார்கள்? இல்லை பெரியப்பா, இது பாஷை என்று இன்பாஸ் விளங்கப்படுத்தினான். அவர் "ஓம் மகன், ஓம் மகன்" என்று தலையைத் தடவிவிட்டுத் தண்ணீரைக் குடிக்க வைத்துவிட்டுத்தான் போனார்.

மிஞ்சியது குளியலறை. பைப்பைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்துக்குள் பழகினான். ருமேனியப் பாஷையில் ஓர் எழுத்து இருக்கிறது, வயிற்றில் குத்து வாங்கியவன் முனகுவது போல அடித்தொண்டையிலிருந்து வர வேண்டும் என்று வினோதன் சொல்லியிருந்தான். இன்பாஸ் அதை நாலைந்து தரம் முனகிப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது ஹிமாயா ஒரு கிளாஸோடு நின்றாள்.

"வாப்பா, உம்மம்மா ஓமத்தண்ணி குடிக்கட்டாம். வயிறு சரியில்லையாம்."

அவன் அதையும் குடித்தான். இந்தப் பாஷையைப் படிக்கத் தொடங்கிய நாளிலிருந்து அவன் வாயிலிருந்து வெளியே போனதைவிட வாய்க்குள் போன தண்ணீர்தான் அதிகம். கோபம் வந்தது. யார்மீது கோபப்படுவது? மாமி அவனுக்கு என்ன குறை வைத்தார்? ஒன்றுமில்லை. அதுதான் இன்னும் கோபம்.

கம்பனிக்காரர்கள் கதைக்கிற நாள் வந்தது. அஸ்னா முன்னறையைக் கூட்டி, அவனுக்கு நல்ல சேட் எடுத்துக் கொடுத்து, போனை மேசையில் சாத்தி வைத்தாள். ஹிமாயாவை அடுத்த வீட்டுக்கு அனுப்பினாள். தான் பக்கத்துக் கதிரையில், படத்தில் விழாத மாதிரி உட்கார்ந்துகொண்டாள். மாமியும் தன் பங்குக்கு உதவி செய்தார். குசினியில் ஒரு கரண்டிச் சத்தமும் வராமல் பார்த்துக்கொண்டார். வீடு பள்ளிவாசல் போல அமைதியானது. அந்த அமைதி இன்பாஸின் கழுத்தைப் பிடித்தது. குசினியில் வேலை நடந்துகொண்டிருந்தாலாவது சத்தத்தோடு சத்தமாகக் கதைத்திருக்கலாம். இப்போது மாமி கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது தெரிந்துபோனது.

போனில் ஒரு பெண் வந்தார். கண்ணாடி போட்ட, களைத்த முகம். பெயர் என்ன என்று கேட்டார். இன்பாஸுக்குக் கேள்வி தெளிவாக விளங்கியது. பதிலும் சரியாகச் சொன்னான். என்ன வேலை என்று கேட்டார், அதற்கும் சொன்னான். அந்தப் பெண் காதுக்குள் இருந்ததை அழுத்திப் பார்த்தார். "மாய் தாரே, வெ ரொக்," என்றார். தயவுசெய்து இன்னும் சத்தமாக. அதுவும் அவனுக்கு விளங்கியது, வினோதன் சொல்லாத நாளா? மூச்சைப் பிடித்துத் திரும்பச் சொன்னான். அவனுக்கே குரல் ஒரு விரற்கடை ஏறினதாகத்தான் பட்டது. அந்தப் பெண் இன்னொரு தரம் மாய் தாரே என்றார். பிறகு சிரித்தார், நன்றி சொன்னார், போய்விட்டார்.

பின்னேரம் ஏஜென்சியிலிருந்து தகவல் வந்தது. ஆளுக்குப் பாஷை தெரியாது என்று எழுதியிருக்கிறார்களாம்.

பாஷை தெரியாதாம். அவனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு கேள்விக்காவது அவன் பிழையாகச் சொன்னானா? பிழையாகச் சொல்லித் தோற்றிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். அன்று இராச் சாப்பாட்டுக்குப் பிறகு அவனும் அஸ்னாவும் சண்டை பிடித்தார்கள். சண்டையென்றால் இரண்டு பேரும் கட்டிலின் இரண்டு பக்கத்தில் உட்கார்ந்து குசுகுசுவென்று பிடிக்கிற சண்டை. அந்த வீட்டில் அவர்கள் பிடித்த சண்டையெல்லாம் அப்படித்தான்.

"நீங்க எல்லாம் சரியாத்தானே செல்லினீங்க. கொஞ்சம் சத்தமாச் செல்ல என்னத்துக்கு ஏலாமப் போன?"

"எப்புடிச் செல்ற? ஒங்கட உம்மா அங்கால இரிக்கக்குள்ள எப்புடிச் செல்ற? ஒன்பது வருசமா நான் இந்த ஊட்டுல இருமுறதெண்டாலும் யோசிச்சித்தான் இருமுற. அவங்க இல்லாட்டி நான் கத்தியிருப்பன்."

சுவருக்கு அந்தப் பக்கம் மாமியின் பாய் சரசரத்தது. இரண்டு பேருக்கும் அது கேட்டது. ஒன்பது வருசத்தில் அந்தச் சுவரைத் தாண்டிப் போன முதல் கதை இதுதான் என்று நினைத்தபோது இன்பாஸுக்குப் பூமிக்குள் போகலாம் போலிருந்தது. மறுநாளிலிருந்து மாமி ஹிமாயா மூலமும் ஒன்றும் சொல்லவில்லை. சோறு நேரத்துக்கு மேசையில் இருந்தது, தேத்தண்ணீர் மூடி வைக்கப்பட்டிருந்தது. அவ்வளவுதான்.

வினோதன் மட்டும் விடவில்லை. ஏஜென்சிக்குப் போன் எடுத்து, கவரேஜ் பிரச்சினை என்று ஒரு கதையைச் சொல்லி, அடுத்த தொகுதியோடு இன்பாஸை இன்னொரு தரம் கேட்கச் சம்மதிக்க வைத்தான். "இந்த முறை என்ட வீட்ட வாங்க நானா. இஞ்ச மாடு மட்டுந்தான் இருக்கு, வெக்கப்படத் தேவையில்ல," என்றான். நாளும் குறித்தாகிவிட்டது. வியாழக்கிழமை பஸ் ஏறி வினாயகபுரம் போவது என்று இன்பாஸ் திட்டமெல்லாம் போட்டு வைத்திருந்தான்.

செவ்வாய்க்கிழமை பகல் சோற்றுக்கு வீட்டுக்கு வந்தவனுக்கு, கையைக் கழுவுவதற்குள் போன் அடித்தது. ஏஜென்சிப் பொடியன்.

"நானா, ரெடியா இரிங்க. அவங்க இண்டைக்கே எடுக்காங்களாம். இப்ப எடுப்பாங்க."

"இண்டைக்கா? வியாழக்கிழமையெண்டுதானே செல்லினீங்க?"

"அவங்க மாத்திட்டாங்க நானா, நான் என்ன செய்ய? விட்டீங்கெண்டா இனி இல்ல."

அஸ்னா படிப்பிக்கிற பாலர் பாடசாலையில் இருந்தாள். ஹிமாயாவும் பள்ளிக்கூடத்தில். வீட்டில் இன்பாஸும், குசினிக்குள் தேங்காய் திருவிக்கொண்டிருந்த மாமியும் மட்டும்தான். அப்படி இரண்டு பேரும் தனியே இருக்க நேர்ந்தால் மாமி அடுத்த வீட்டுக்குப் போய்விடுவது வழக்கம். போவதற்கு முன்னறையைத் தாண்டித்தான் போக வேண்டும், அங்கே போனில் அந்தப் பெண் ஏற்கெனவே வந்துவிட்டார். சேட்டில் சீமெந்துத் தூள், தலையில் சீமெந்துத் தூள். இன்பாஸ் போனை மேசையில் சாத்திவிட்டு உட்கார்ந்தான். அதே கண்ணாடி, அதே களைத்த முகம்.

"பூனெ ஸீவா," என்றான். அந்தப் பெண் காதை அழுத்தினார்.

பெயர் கேட்டார், சொன்னான். குரல் மேசை விளிம்போடு நின்றுவிட்டது. குசினியில் திருவலைச் சத்தம் நின்றிருந்தது. வேறு எந்த வீடாக இருந்தாலும் சரி என்று நினைத்தான். றுஸ்னாவின் சுவர்கள் கண்ணுக்குள் வந்தன, அதையும் நினைத்து ஒரு தெம்பை வரவழைக்கப் பார்த்தான். தொண்டை திறக்கவில்லை. தன் தொண்டையை வெட்டி எறியலாம் போல அவனுக்கு ஆத்திரம் வந்தது.

"மாய் தாரே, வெ ரொக்," என்றார் அந்தப் பெண்.

குசினிக் கதவு திறந்த சத்தம் கேட்டது. மாமி போகிறார் என்று நினைத்தான். உண்மைதான், மாமி பின்பக்கமாக வெளியே இறங்கினார். கிணற்றைத் தாண்டி, வளவின் கடைசி மதிலடிவரை போனார். அங்கே நின்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, முன்னறைக்கு நேராகத் திரும்பினார். குசினிக்கும் முன்னறைக்கும் நடுவிலிருந்த கதவு திறந்தே கிடந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் நேராகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"மகன்," என்று கூப்பிட்டார். சுவரைப் பார்த்து அல்ல. "எனக்கு ஒண்டும் கேக்கல்ல. என்ன செல்றீங்க?"

இன்பாஸ் போனைப் பார்ப்பதா, மாமியைப் பார்ப்பதா என்று தெரியாமல் எழும்பி நின்றான்.

"மாமி, நான் இதுல..."

"கேக்கல்ல மகன். எனக்குக் கேக்கிற மாதிரிச் செல்லுங்க."

அவ்வளவு தூரத்தில் நிற்கிற மாமிக்குக் கேட்க வேண்டும். ஒன்பது வருசமாக எவருடைய காதில் தன் குரல் விழக்கூடாது என்று பொத்திப் பொத்தி வைத்தானோ, அவரே கேட்கவில்லை என்கிறார். கேட்காவிட்டால் திரும்பச் சொல்வதுதான் மரியாதை. அவனுக்குக் கண் கலங்கியது, வெட்கம் பிடுங்கித் தின்றது. வாயைத் திறந்தான்.

"மெ நுமெஸ்க் இன்பாஸ்."

"இன்னங் கொஞ்சம்," என்றார் மாமி.

"மொண்டெஸ் கிரெசியெ ஷி ஃபயான்ட்ஸெ!"

மூன்றாம் மாடிச் சத்தம் வந்துவிட்டது. அடுத்த வீட்டு மதிலுக்கு மேலே இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன, மாமி கையைக் காட்டி அவற்றை இறக்கினார். போனிலிருந்த பெண் காதுக்குள் இருந்ததைக் கழற்றியே விட்டார். அடுத்த கேள்வி, அதற்கு அடுத்த கேள்வி. எல்லாவற்றுக்கும் இன்பாஸ் கிணற்றடிக்கு அப்பால் நிற்கிறவருக்குக் கேட்கும்படி பதில் சொன்னான். ஒன்று விளங்கவில்லை, அதற்கு நு இன்ட்ஸெலெக் என்பதையும் அதே சத்தத்தில் சொன்னான். கடைசியில் அந்தப் பெண், பின்னால் கூப்பிடுகிறவர் யார் என்று கேட்டார். மாமிக்கு அந்தப் பாஷையில் உள்ள சொல்லை வினோதன் குடும்பப் பாடத்தில் ஒருமுறை சொல்லிக் கொடுத்திருந்தான். இன்பாஸ் அதைச் சொன்னான். அந்தக் களைத்த முகம் விழுந்து விழுந்து சிரித்தது. மாமி என்றால் எல்லா நாட்டிலும் ஏதோ இருக்கும் போல.

ஏஜென்சிப் பொடியன் மறுபடி எடுக்க அதிக நேரம் ஆகவில்லை. ஆளைப் பிடித்துவிட்டதாம், பாஷை நல்ல தெளிவாம், விசா வேலையைத் தொடங்கட்டாம். இன்பாஸ் போனை வைத்துவிட்டு அப்படியே நின்றான். யாரிடமாவது சொல்ல வேண்டும். வீட்டில் அஸ்னா இல்லை, ஹிமாயா இல்லை. மாமி மதிலடியிலிருந்து திரும்பி வந்து குசினி வாசலில் நின்றார். உள்ளே போகவுமில்லை, கிணற்றடிக்கு விலகவுமில்லை.

"மாமி, கெடச்சிட்டு," என்றான். "றுஸ்னாட ஊட்ட முடிச்சிப் போடலாம்."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் மாமி. முக்காட்டின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு மதிலடி வெயில் நன்றாக அடித்திருந்தது. அடுத்து என்ன கதைப்பதென்று இரண்டு பேரும் தேடினார்கள். பழக்கமில்லாத வேலை அது.

"எத்தின வருசத்துக்கு மகன்?"

இன்பாஸ் பதில் சொல்ல வாயெடுத்தான். இப்போதுதான் இந்த மனுசி அவனோடு கதைக்கத் தொடங்கியிருக்கிறார். இந்த வீட்டில் அவனுக்கு ஒரு குரல் வந்தே இன்னும் அரை மணித்தியாலம் ஆகவில்லை.

"மூணு வருசம் மாமி," என்றான். அதை அவனால் சத்தமாகச் சொல்ல முடியவில்லை.

மாமி கேட்கவில்லை என்று சொல்லவில்லை. சோறு ஆறிவிட்டது, இருங்கள், கறியைச் சூடாக்கிக் கொண்டுவருகிறேன் என்று அவனைப் பார்த்தே சொல்லிவிட்டு உள்ளே போனார்.